தகப்பன் ஆட்சியும் தனிக் கணக்கும்

1904ஆம் ஆண்டு கெடா சுல்தான் அப்துல் ஹமிட் ஹலிம் ஷா தம் பிள்ளைகள் ஐந்து பேருக்குக் கல்யாணம் செய்துவைத்தார். அலோர்ஸ்டாரில் மூன்று மாதம் விருந்தும் கூத்துமாக ஊர் அமர்க்களப்பட்டது. பந்தலைப் பிரித்தபோது மாநிலக் கருவூலத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. கடன்காரர்கள் வாசலில் நிற்க, சயாமிடம் இருபத்தாறு லட்சம் டாலர் கடன் கேட்டது அரண்மனை. சயாம் கொடுத்தது, கூடவே ஒரு நிதி ஆலோசகரையும் அனுப்பியது. 1905இல் மாநில மன்றம் ஒன்று உட்கார்ந்து நாட்டின் வரவு செலவைப் பார்க்கத் தொடங்கியது. நாலே வருஷத்தில், 1909 ஆங்கில–சயாம் உடன்படிக்கைப்படி கெடா பிரிட்டன் கைக்கு மாறியது. ஆலோசகர் நாற்காலியில் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து உட்கார்ந்தார்.

பிள்ளை கல்யாணத்துக்குக் கடன் வாங்கி நொடித்துப்போன தகப்பன்மார் எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்திலும் உண்டு. அவர்கள் நொடித்தால் மளிகைக்கடைக்காரர் கடன் புத்தகத்தை மூடுவார், அவ்வளவுதான். நாட்டுக்கே தகப்பனாக இருப்பவர் கணக்குப் பார்க்காமல் விட்டால் சாவிக்கொத்து அடுத்தவன் இடுப்புக்குப் போய்விடுகிறது. அந்தக் கல்யாணங்களுக்கு முந்தின வருஷம், 1903 பிப்ரவரியில், அதே சுல்தானுக்கு ஒரு மகன் பிறந்திருந்தார். பெயர் துங்கு அப்துல் ரஹ்மான்.

பின்னாளில் மலாயாவின் முதல் பிரதமரான துங்கு, உலகிலேயே மகிழ்ச்சியான பிரதமர் நான்தான் என்று சொல்லிக்கொள்வார். வேடிக்கையாக அல்ல, நிஜமாகவே நம்பிச் சொன்னார். குதிரைப் பந்தயம், கால்பந்து, நல்ல சாப்பாடு, சிரித்த முகம் என்று வாழ்ந்த மனிதர். நாடு அவருக்குச் சுதந்திரத் தந்தை என்று பெயர் வைத்தது. அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்குப் பின் வந்த ரசாக் மேம்பாட்டுத் தந்தை, ஹுசேன் ஓன் ஒற்றுமைத் தந்தை, மகாதீர் நவீனமயத் தந்தை. பிரதமர் பதவியோடு தகப்பன் பதவியும் சேர்ந்தே வந்தது. இவர்களில் இரண்டு பேர், துங்குவும் மகாதீரும், அலோர்ஸ்டாரில் பிறந்தவர்கள். கெடா மண் நெல்லும் ரப்பரும் மட்டுமல்ல, நாட்டுக்குத் தகப்பன்களையும் விளைவித்திருக்கிறது.

தகப்பன் என்கிற சொல்லை ஆட்சிக்கு ஒட்டவைக்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. தமிழில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய விடை இருக்கிறது. புறநானூற்றின் 312ஆம் பாட்டில் பொன்முடியார் ஒவ்வொருவர் கடமையையும் தனித்தனியாகப் பிரித்துத் தருகிறார். பெறுவது தாய்க்கு, சான்றோன் ஆக்குவது தகப்பனுக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு என்று வரிசையாகச் சொல்லி, வேந்தனுக்கு வேறொரு கடனை ஒதுக்குகிறார். அச்சில் அது 'நன்னடை' என்று இருக்கிறது. 'தண்ணடை' என்றும் ஒரு பாடபேதம் உண்டு. தண்ணடை என்றால் மருத நிலம். போருக்குப் போனவனுக்கு அரசன் நிலம் தரவேண்டும் என்பது அந்தப் பாடத்தின் பொருள். எனக்கு இந்த இரண்டாவது பாடத்தின் மேல்தான் சாய்வு. நல்ல நடத்தையைக் கற்றுக்கொடுக்க வீட்டில் ஆள் இருக்கிறது; நிலம் கொடுக்க அரசன் ஒருவனால்தான் முடியும். வள்ளுவரும் மக்கட்பேற்றை அறத்துப்பாலிலும் இறைமாட்சியைப் பொருட்பாலிலும் வைத்தார். களை பிடுங்கும் உழவனோடு அரசனை ஒப்பிட்டவர், அவனைத் தகப்பனாக்கியதாக எனக்கு நினைவில்லை.

கெடாத் தோட்டங்களில் இந்தப் பிரிவினை இருந்ததே இல்லை. அங்கே ஆட்சியும் தகப்பனும் ஒரே ஆள். தோட்டத்தின் மேலாளர்; அவர் பெயர் தொரை.

கோயில் திருவிழா மேடைகளில் இராஜேந்திர சோழன் 1025இல் கடாரம் என்ற இந்தக் கெடாவைக் கொண்ட கதையை முழங்காத பேச்சாளர் எங்கள் பக்கம் கிடையாது. பூஜாங் பள்ளத்தாக்கின் சண்டிகள் என்னும் பழங்கோயில்களைக் காட்டிப் பெருமைப்படவும் செய்கிறோம். 2013இல் பதினோராம் எண் சண்டி புல்டோசரில் தரைமட்டமானபோது கொதிக்கவும் செய்தோம். அதெல்லாம் சரி. ஆனால் கூலிமிலும் பீடோங்கிலும் பாடாங் செராயிலும் இன்று இருக்கும் தமிழர்களில் ஆகப் பெரும்பாலோர் சோழன் கப்பலில் வந்தவர்கள் அல்லர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கு அருகே ஜெரெஜாக் தீவில் தொற்றுத் தடுப்பு முகாமில் கிடந்து, கங்காணியின் கடன் கணக்கில் பெயர் ஏறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள். 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தும் வரை அந்த வழி திறந்திருந்தது. இங்கே எங்கள் வரலாறு படையெடுப்பில் தொடங்கவில்லை, பற்றுச்சீட்டில் தொடங்கியது.

தோட்டம் ஒரு சின்ன ராஜாங்கம். விடியற்காலை ஐந்தரைக்குப் பெரட்டு. எழுத்தரான கிராணி பெயர் கூப்பிட, இருட்டில் 'ஆஜர்' என்ற குரல்கள். தொரை பங்களா மேட்டில், அதற்குக் கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே வேலையை மேற்பார்க்கும் மண்டோர், பள்ளத்தில் லயம். மேடு பள்ளத்தைப் பார்த்தாலே யார் யாருக்கு அடங்கியவர் என்று தெரிந்துவிடும். வீடு தோட்டத்துடையது, தண்ணீர்க் குழாய் தோட்டத்துடையது, பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகை, மருந்து ஊற்றும் ஆஸ்பத்திரி, மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை எல்லாமே தோட்டத்துடையவை. கோயில் வரியைக்கூடச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். வேலை போனால் ஒரே நாளில் கூரையும் பள்ளிக்கூடமும் சாமியும் போய்விடும். குடும்பச் சண்டைக்கும் தொரைதான் பஞ்சாயத்து. 'தொரைதான் நமக்குத் தாய் தகப்பன்' என்று கிழவர்கள் சொல்வதைக் கேட்டு வளர்ந்தேன். அதில் நன்றியும் இருந்தது, பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவர்களுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாது. 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஒன்று, தொரை எதிரே வரும்போது சைக்கிளைவிட்டு இறங்காமல் போகும் உரிமை. கூலி உயர்வோடு சேர்த்து அதையும் கேட்டிருக்கிறார்கள் என்றால் அந்தத் தகப்பன் உறவு எப்படிப்பட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

என் அப்பா பால்வெட்டுக்காரர். பீடோங்குக்கு உள்ளே தள்ளி ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் நீல அட்டை நோட்டு. தையல் விட்ட இடத்தில் ரப்பர் பாலையே தடவி ஒட்டியிருப்பார். தினமும் மதியம், ஸ்டோரில் பால் ஊற்றிவிட்டு வந்து, கையில் ஒட்டிய பாலை உரித்தெடுத்துக்கொண்டே எழுதுவார். தேதி, மரம், எத்தனை கேலன், மெட்ரோலாக் என்ன காட்டியது, ஒட்டுப்பால் எத்தனை ராத்தல். 'மரம் 380. பால் 4. மெட்ரோ 3. ஒ.பா. 2½.' மழை பெய்த நாளில் ஒரே சொல்: 'மழை.' அன்று வெட்டு கிடையாது, ஆகவே சம்பளமும் கிடையாது.

மெட்ரோலாக் என்பது பாலுக்குள் மிதக்கவிடும் ஒரு கண்ணாடிக் குழாய். ஒரு கேலன் பாலில் எவ்வளவு காய்ந்த ரப்பர் இருக்கிறது என்று காட்டும். கூலி அந்த எண்ணில்தான் நிற்கிறது. பாலில் தண்ணீர் கலந்துவிடுவார்கள் என்று நிர்வாகத்துக்குச் சந்தேகம். எண்ணைக் குறைத்துப் படிக்கிறார்கள் என்று வெட்டுக்காரர்களுக்குச் சந்தேகம். எண்ணைப் படிப்பவர் கிராணி, செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதுபவரும் கிராணி. நடுவில் வெட்டுக்காரனுக்கு இடம் இல்லை. அப்பா தலையை நீட்டி அந்தக் கோட்டைத் தாமும் பார்ப்பார். சம்பள நாளில் தம் நோட்டையும் சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்ப்பார். ஒரு மாதம் ஒன்பது ராத்தல் குறைந்தது. ஆபீசுக்குப் போய் நோட்டைக் காட்டினார். திருத்திக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் அவரை வயசான மரங்கள் நிற்கும் மேட்டு நிரைக்கு மாற்றிவிட்டார்கள்.

"எதுக்குப்பா இதெல்லாம் எழுதிக்கிட்டு? அவங்கதான் மாத்தி அடிக்கிறாங்களே" என்று கேட்டேன்.

"எழுதி வெச்சா கேக்கலாம்யா. எழுதலன்னா கெஞ்சணும்."

அப்பாவிடமிருந்து எனக்குக் கிடைத்த அரசியல் பாடம் மொத்தமும் அந்த இரண்டு வாக்கியந்தான். நல்ல தொரை வந்தால் நன்றாக இருப்போம், கெட்ட தொரை வந்தால் கஷ்டப்படுவோம் என்றுதான் லயம் நினைத்தது. தொரை எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி அப்பா பேசியதே இல்லை.

நோட்டில் எழுதுவது ஒரு வழி. கெடாவில் இன்னொரு வழியையும் முயன்று பார்த்தார்கள். போர் முடிந்த கையோடு பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தொண்டர் படை என்ற ஒன்றைத் திரட்டினார். இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைப் பார்த்த தலைமுறை அது. சீருடை போடவும் வரிசையில் நிற்கவும் கற்றிருந்தது. லயத்தைக் கூட்டினார்கள், சண்டைகளைத் தாங்களே தீர்த்தார்கள், கள்ளுக்கடையை மூடு என்றார்கள். கள்ளுக்கடை அரசு உரிமத்தோடு தோட்டத்துக்குள் நடந்தது. காலையில் கொடுத்த கூலி மாலையில் அந்த வழியாகத் திரும்பிவிடும். அப்பன் குடிக்கும் கடை வாசலில் மகன் மறியல் செய்தான். 1947இன் தொடக்கத்தில் பீடோங் வட்டாரத்தில் போலீசோடு மோதல்கள் நடந்தன. ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஏப்ரல் மாதம் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி செத்தார், பலருக்குக் காயம்.

சுடும் அளவுக்கு ஏன் போனது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கேட்டது கள்ளு வேண்டாம் என்பதுதான். ஒழுக்கம் போதிக்கும் அரசு கைதட்டியிருக்க வேண்டிய காரியம். லயத்துப் பஞ்சாயத்தைத் தொரை கையிலிருந்து பையன்கள் எடுத்துக்கொண்டதுதான் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். குடிகாரப் பிள்ளையைத் தகப்பன் பொறுத்துக்கொள்வான். தனிக்குடித்தனம் போகும் பிள்ளையிடம் அவனுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

துங்குவுக்குத் தோட்டம் தெரியாது என்று சொல்ல முடியாது. கெடா அரசு ஊழியத்தில் கூலிம், சுங்கை பட்டாணி என்று ரப்பர் மாவட்டங்களிலேயே மாவட்ட அதிகாரியாக இருந்தவர். 1941 டிசம்பரில் ஜப்பானியர் இறங்கியதும், சுல்தானைப் பினாங்குக்குக் கொண்டுபோய்விட ஏற்பாடானது. துங்கு தம் சொந்தத் தகப்பனையே வழியில் மடக்கிக் கூலிமுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அரசன் தன் குடிகளை விட்டுவிட்டு ஓடக்கூடாது என்பது அவர் வாதம். தகப்பன் எங்கே இருக்கவேண்டும் என்று மகன் தீர்மானித்த அந்த ஒரு நாளுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

குடிகளுக்கு வந்தது வேறு. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானியர் கொண்டுபோனார்கள். திரும்பாதவர் கணக்கை முழுசாக எழுதி வைத்தவர் யாருமில்லை. சுங்கை பட்டாணியின் கோ. புண்ணியவான் அதைக் 'கையறு' என்ற நாவலாக எழுத வேண்டியிருந்தது. 1943இல் ஜப்பான் கெடாவைத் தூக்கிச் சயாமிடம் கொடுத்தது. 1945இல் பிரிட்டன் திரும்ப வந்தது. 1946இல் மலாயன் யூனியன், 1948இல் கூட்டரசு, 1957இல் சுதந்திரம். ஐம்பது வருஷத்தில் இத்தனை எஜமானர்கள் மாறினார்கள். பெரட்டு நேரம் மாறவில்லை.

சுதந்திரம் லயத்துக்கு ஒரு தாளாக வந்து சேர்ந்தது. குடியுரிமைக்கு மனுச் செய்ய, இத்தனை வருஷம் இந்த நாட்டில் இருந்தேன் என்று காட்ட வேண்டும். ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்குள் மனுப் போட்டவர்களில் பலருக்கு மொழித் தேர்விலிருந்து விலக்கு இருந்தது. அந்த ஓராண்டு இருப்பதே எத்தனை லயத்துக்குத் தெரியும்? பிறப்புப் பத்திரம் இல்லாதவர், பெயரைக் கிராணி மாற்றி எழுதிவிட்டவர், 'தொரை பார்த்துக்குவார்' என்று இருந்துவிட்டவர் எல்லாரும் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்டார்கள். நீல அட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் தொழிற்சங்கக்காரனோ பள்ளி வாத்தியாரோ பக்கத்து வீட்டில் இருக்கப் பெற்றவர்கள்.

அதே காலத்தில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். பொருளாதார அறிஞர் உங்கு அசிஸ் இந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கையே எழுதினார். துண்டு நிலத்துக்காரனுக்கு லயமும் வேண்டாம், லயத்து ஆளும் வேண்டாம். தாய் தகப்பன் என்று கும்பிட்ட தொரை, சாமான் கட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். தகப்பன் விற்றுவிட்டுப் போகக்கூடிய ஆள் என்பது அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

அந்த நேரத்தில் ஒரு காரியம் நடந்தது. துங்குவின் அமைச்சரவையில் இருந்த வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பங்கு நூறு வெள்ளி. பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, நாமே வாங்குவோம் என்று கேட்டார். தினக்கூலி மூன்று நாலு வெள்ளி இருந்த காலத்தில் பத்து வெள்ளி சின்னப் பணம் அல்ல. தாலிக்கொடியை அடகு வைத்தவர்களை எனக்குத் தெரியும். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில்தான், கூலிம் பக்கத்து புக்கிட் சீடிம். பொன்முடியாரின் பாட்டில் வேந்தன் தரவேண்டிய தண்ணடையைப் பால்வெட்டுக்காரர்கள் தவணையில் வாங்கிக்கொண்டார்கள். சங்கத்தின் பிற்கால நிர்வாகம் பற்றி ஆயிரம் வாதம் உண்டு. அது வேறு கட்டுரை. அந்தப் பத்து வெள்ளி ரசீதை என் அப்பா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

மகிழ்ச்சியான பிரதமரின் ஆட்சி 1969 மே 13 கலவரத்தோடு குலைந்தது. அடுத்த மாதம் அலோர்ஸ்டார்காரரான மகாதீர், துங்கு விலக வேண்டும் என்று கடிதம் எழுதிக் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார். 1970 செப்டம்பரில் துங்கு விலகினார். லயத்தில் அந்த வருஷத்தின் பேச்சு வேறு: வேலை அனுமதி. 1968 சட்டப்படி குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். சிவப்பு அட்டைக்காரர்கள் பல்லாயிரம் பேர் பினாங்கில் கப்பலேறினார்கள். இந்தியாவையே பார்த்தறியாத பெண்டு பிள்ளைகள், அப்பனுடைய ஊருக்கு. எங்கள் லயத்தில் மட்டும் ஒரே வாரத்தில் நாலு வீடு பூட்டிக் கிடந்தது. சிரித்த முகக்காரரின் கையெழுத்துக் காலத்தில் நடந்த காரியம் இது. அவர் கெட்டவர் அல்லர், நல்லவர்தான். மகிழ்ச்சியான தகப்பனுக்குத் தன் வீட்டில் யார் அழுகிறார்கள் என்பது கடைசியாகத்தான் தெரியும் போல.

கிழவயதில் துங்கு 'ஸ்டார்' நாளிதழில் பத்தி எழுதினார். ஆளும் கட்சியைக் கேள்வி கேட்டார். 1987 அக்டோபரில் எதிர்ப்பாளர்களைப் பிடித்து உள்ளே போட்ட லாலாங் நடவடிக்கையின்போது மகாதீர் அரசு அந்த நாளிதழை மூடியது. சுதந்திரத் தந்தையின் பத்தியும் அதோடு நின்றது. ஒரு வீட்டில் இரண்டு தகப்பன் இருக்க முடியாது என்று இதைப் படிக்கலாம். 1990 டிசம்பரில் இறந்த துங்கு, அலோர்ஸ்டார் அருகே லங்காரில் அரச குடும்பக் கல்லறையில், கல்யாணச் செலவுக்குக் கடன் வாங்கிய அந்தத் தகப்பனின் வம்சத்தோடு அடங்கியிருக்கிறார்.

பத்தாண்டு கழித்து, 2000 நவம்பரில், லூனாஸ் சட்டமன்ற இடைத்தேர்தல். முந்தைய உறுப்பினர் சுட்டுக் கொல்லப்பட்டதால் வந்த தேர்தல். தோட்டங்களும் பழைய தோட்டக்காரர் குடியிருப்புகளும் நிறைந்த தொகுதி. ஆளும் கூட்டணிக்கு எழுதி வைத்த தொகுதி. வேட்டி சேலையும் அரிசி மூட்டையும் வழக்கம்போல வந்தன, வாங்கியும் கொண்டார்கள். ஓட்டு எண்ணியபோது எதிர்க்கட்சி 530 ஓட்டில் ஜெயித்தது. மகாதீரின் சொந்த மாநிலச் சட்டமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை போனது. வெளியூர்ப் பத்திரிகைகள் அதிர்ச்சி என்று எழுதின. எனக்கு மேட்டு நிரைக்கு மாற்றப்பட்ட ஒரு மனிதரின் ஞாபகம் வந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, சுங்கை பட்டாணியின் மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கும் எந்தக் கிழவியைக் கேட்டாலும், 'தோட்டத்துல சந்தோசமா இருந்தோம்' என்பார். நாலாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யாது, எதிர்வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. இது வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடுவது எளிது. நானும் வெகுநாள் அப்படித்தான் தள்ளினேன். பூட்டான் மொத்த தேசிய மகிழ்ச்சி என்கிறது, 2012 முதல் உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளுக்கு மதிப்பெண் போடுகிறது. அந்தக் கிழவிக்கு யாரும் மதிப்பெண் தாள் கொடுக்கவில்லை. எதை வைத்துச் சந்தோசம் என்கிறீர்கள் என்று துருவினால், தொரையோ கூலியோ வராது. தீமிதிக்கு ஒரே பானையில் பொங்கியது, திடலில் பந்தாட்டம், வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படம், பிரசவத்துக்கு ஓடிவந்த பக்கத்து லயத்துப் பெண்கள். தோட்டத்துச் செக்ரோலில் ஏறாத வரவு முழுக்க அவர்களே செய்துகொண்டது. தோட்டம் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் போனபோது நஷ்டஈட்டுக் கணக்கில் அது வரவில்லை. வீட்டுக்கு இத்தனை வெள்ளி என்று வாங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

அப்பாவின் நோட்டுகளில் ஆறு என்னிடம் இருக்கின்றன. பால் ஒட்டிய பக்கங்களைப் பிரித்தால் கிழியும். ரொம்ப நாளாக நான் தேடிய பக்கம் ஒன்று இருந்தது: கோலாலம்பூரில் துங்கு சுதந்திரப் பிரகடனத்தை வாசித்த நாள். அப்பாவுக்கு அப்போது வயசு இருபத்து மூன்று. என்ன எழுதியிருப்பார் என்று பல விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தேன். போன வருஷம், ஆவி காட்டி மெதுவாகப் பிரித்தபோது கிடைத்தது. பென்சில் எழுத்து, பாதி மங்கிவிட்டது.

'31.8.57 சனி. வேலை இல்லை. கொடி ஏத்தினாங்க. மிட்டாய். இன்னிக்கு சம்பளம் உண்டா? கேக்கணும்.'

அடுத்த வரி திங்கட்கிழமை. 'மரம் 380. பால் 4½. மெட்ரோ 3.'